வாயுவை அடைத்த கலம்

'கலம்' என்னும் சொல்லைத் தமிழில் இரு பொருள்பட வழங்குகிறோம். உண்பதற்கும் சேமிப்பதற்கும் உரிய பாத்திரமும் கலம். கடலைக் கடக்கும் கப்பலும் கலம். தன்னிடம் ஒப்படைத்த பொருளைச் சிந்தாமலும் சிதறாமலும் காத்துக் கொடுப்பது எதுவோ, அதற்கெல்லாம் இப்பெயர் பொருந்தும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, இயற்கை வாயுவானது கடல் கடந்து விலைபோகும் பண்டமாகவும், மோட்டார் வண்டிகளை ஓட்டும் எரிபொருளாகவும் வளர்ந்த வரலாறு. இவ்வரலாற்றை ஆராயுந்தோறும், அந்த வாயுவை அடைத்து வைக்க மனிதன் செய்த கலங்களின் வரலாறாகவே அது எனக்குத் தோன்றுகிறது. கலம் தேறியபோது வாணிகம் வளர்ந்தது. கலம் உடைந்தபோது ஊர் எரிந்தது. கலம் கசிந்தபோது அதன் விளைவை உலகம் முழுவதும் சுமக்க நேர்ந்தது. இதனை முறையாகக் காண்போம்.

இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மீதேன் என்னும் வாயுவே. அது நிலத்தடியில் எண்ணெயோடு கலந்தும் கிடைக்கும், தனித்தும் கிடைக்கும். அதற்கு நிறமில்லை; மணமில்லை; எரியும்போது சாம்பலும் இல்லை. இத்துணை நற்குணம் படைத்த பொருளை எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் நெடுங்காலம் ஒரு தொல்லையாகவே கருதி வந்தார்கள். காரணம் எளிது. நிலக்கரியைக் குவித்து வைக்கலாம்; எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றி வைக்கலாம்; வாயுவை எதில் வைப்பது? சாதாரண அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் இயற்கை வாயு, ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தையே தருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலைக் கையில் எடுத்துச் செல்லலாம். ஒரு கன மீட்டர் வாயுவுக்கோ, ஓர் ஆள் உள்ளே உட்காரத்தக்க பெட்டி வேண்டும். கிணற்றுக்கு அருகே பெருநகரம் இருந்தால் குழாய் பதித்து அனுப்பினார்கள். இல்லாவிடில், உயரமான குழாய் ஒன்றை நட்டு அதன் நுனியில் கொளுத்தி விட்டார்கள். பாலைவனங்களில் இரவும் பகலும் எரிந்த அந்தத் தீப்பந்தங்கள், கலம் இல்லாத குறையால் எரிந்தவை.

வாயுவைக் குறுக்கி வைக்க வழி உண்டா என்ற கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் வியாபாரிகள் அல்லர், விஞ்ஞானிகள். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1823-இல் குளோரின் வாயுவைத் திரவமாக்கிக் காட்டினார். பின்னர்ப் பல வாயுக்களை அவ்வாறே அடக்கினார். ஆனால் 1845-ஆம் ஆண்டளவில், பிராணவாயு, மீதேன் முதலிய ஆறு வாயுக்கள் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக மறுத்துவிட்டன. அவற்றை 'நிலையான வாயுக்கள்' என்று அக்காலத்தார் அழைத்தனர். அந்த மறுப்பின் காரணத்தை 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கினார். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் இருக்கும் வரை, எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் வாயு வாயுவாகவே இருக்கும். மீதேனுக்கு அந்த எல்லை பூஜ்யத்துக்குக் கீழ் ஏறத்தாழ 82 டிகிரி சென்டிகிரேடு. ஆகவே வெறும் பலத்தால் மீதேனை அடக்க இயலாது. முதலில் குளிர்விக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1877-இல் பிரான்சில் கயெட்டே என்பவரும், ஜெனீவாவில் பிக்டே என்பவரும் பிராணவாயுவையே திரவமாக்கியபோது 'நிலையான வாயுக்கள்' என்ற எண்ணம் தகர்ந்தது. மீதேனைப் பூஜ்யத்துக்குக் கீழ் 161 டிகிரி வரை குளிர்வித்தால், சாதாரண அழுத்தத்திலேயே நீர்போல் தெளிந்த திரவமாகிவிடும். அவ்வாறு ஆகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அறுநூறு படிப் பொருளை ஒரு படிக்குள் அளந்து வைப்பதற்கு இது ஒப்பாகும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் திரவ இயற்கை வாயு வாணிகத்தின் அடிப்படை முழுவதும் விளங்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பியளவு செய்தது போக, ஊரளவு செய்வது எப்படி என்பதே அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் காட்பிரே கேபட் என்பவர் திரவ வாயுவைப் படகில் ஏற்றிச் செல்லும் முறை ஒன்றுக்கு 1915-இல் காப்புரிமை பெற்றார். எண்ணம் மட்டும் இருந்தது, படகு செய்யப்படவில்லை. முதல் உலகப் போரின்போது, ஆகாயக் கப்பல்களுக்கு வேண்டிய ஹீலியத்தைப் பிரித்தெடுப்பதற்காக இயற்கை வாயுவைக் குளிர்விக்கும் தொழில் அங்கே வளர்ந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 1941-இல் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் திரவ வாயு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. குளிர்காலத்தில் வீடுகளுக்கு வாயு மிகுதியாக வேண்டும். கோடையில் குறைவாகவே வேண்டும். கோடையில் மிஞ்சியதைத் திரவமாக்கிச் சேமித்து, குளிர்காலத்தில் மீண்டும் வாயுவாக்கிக் கொடுப்பது அந்நிலையத்தின் பணி. குதிர் கட்டி நெல் வைக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. முதலில் மூன்று கோள வடிவக் கலங்கள் இருந்தன. போர்க் காலத்தில் தேவை பெருகவே, நான்காவதாக உருளை வடிவக் கலம் ஒன்றைச் சேர்த்தார்கள்.

1944-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள் பிற்பகலில் அந்த நான்காம் கலம் பிளந்தது. உள்ளிருந்த திரவம் தெருக்களில் ஓடியது. கழிவுநீர்க் கால்வாய்களுக்குள் இறங்கியது. வெப்பம் பட்டதும் வாயுவாகிப் பற்றிக்கொண்டது. நிலத்தடிக் கால்வாய்களில் பரவிய வாயு வெடித்துத் தெருக்களைப் பிளந்தது. 130 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நிலையத்தில் பணி புரிந்தவர்களோடு, வீட்டில் இருந்தவர்களும் மாண்டனர். தங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் நிற்கும் கலத்தின் உலோகம் எத்தகையது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். இவ்வரலாற்றில் நான் உங்களை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் இடம் இது.

அந்தக் கலத்தின் எஃகில் 3.5 விழுக்காடு நிக்கல் சேர்ந்திருந்தது. சாதாரண எஃகு கடுங்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. நிக்கல் சேரச் சேர அந்தக் குறை நீங்கும். 3.5 விழுக்காடு அக்குளிருக்குப் போதவில்லை. ஒன்பது விழுக்காடு நிக்கல் கொண்ட எஃகும், அலுமினியமும் அக்குளிரைத் தாங்குவன என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. கலம் ஒன்று பிளந்தாலும் திரவம் ஊருக்குள் ஓடாதபடி, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும் என்பதும் விதியாயிற்று. இன்று உலகெங்கும் உள்ள நிலையங்களின் பாதுகாப்பு விதிகளுக்குள் கிளீவ்லாந்தின் படிப்பினை கலந்திருக்கிறது. அத்தீவிபத்துக்குப் பின் அமெரிக்க மக்கள் பல ஆண்டுகள் திரவ வாயு என்ற பேச்சையே விரும்பவில்லை.

இவ்வாறிருக்க, 1950-களின் தொடக்கத்தில் அப்பேச்சு மீண்டும் எழுந்தது. எழுந்த இடம் வேடிக்கையானது. சிகாகோ நகரத்துக் கால்நடைச் சந்தையின் தலைவர் வில்லியம் உட் பிரின்ஸ், குழாய்வழி வரும் வாயுவின் விலை உயர்வதைக் கண்டு, லூயிசியானாவில் மலிவாகக் கிடைக்கும் வாயுவைத் திரவமாக்கி, மிசிசிப்பி ஆற்றின் வழியே படகில் கொண்டுவர எண்ணினார். படகின் உட்புறத்தில் குளிர் காக்கும் உறையாகப் பால்சா மரத்தைப் பதித்தார்கள். பால்சா மிக இலேசான மரம். 1947-இல் தோர் ஹெயர்தால் பசிபிக் கடலைக் கடந்த கோன்டிக்கி மிதவையும் இம்மரத்தால் ஆனதே. ஆற்றுப் படகுத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அம்முயற்சியில் கற்றது வீண்போகவில்லை. ஆற்றுக்கு என்று எண்ணியதைக் கடலுக்கு எடுத்துச் செல்ல இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது.

இங்கிலாந்துக்கு ஏன் அந்த ஆவல்? 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஐந்து நாட்கள் மூடிக்கொண்டன. பல்லாயிரம் மக்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அந்நாட்டில் வீடுகளில் எரிந்த வாயுவும் அக்காலத்தில் நிலக்கரியைச் சுட்டு எடுத்ததே. புகையில்லாத எரிபொருள் வேண்டும். சொந்த மண்ணிலோ அன்று அது போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே அந்நாட்டு வாயு வாரியம் அமெரிக்க முயற்சியோடு கூடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்றை எடுத்து, அதனுள் ஐந்து அலுமினியக் கலங்களை அமைத்து, பால்சா மரத்தால் போர்த்தி, 'மீதேன் பயனியர்' என்று பெயரிட்டார்கள். 5,000 கன மீட்டர் திரவம் கொள்ளும் அக்கப்பல் 1959 ஜனவரியில் லூயிசியானாவிலிருந்து புறப்பட்டு, குளிர்காலத்து அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைக் கடந்து, பிப்ரவரி 20-ஆம் நாள் தேம்ஸ் நதி முகத்துவாரத்திலுள்ள கேன்வி தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு வரை மேலும் ஏழு முறை சென்று வந்தது. பாத்திரம் என்ற கலமும் கப்பல் என்ற கலமும் அன்று ஒன்றாயின.

சோதனை வெற்றி பெற்றபின் வாணிகம் தொடங்கியது. அல்ஜீரியாவின் பாலைவனத்தில் ஹாசி ரமெல் என்னுமிடத்தில் 1956-இல் மிகப் பெரிய வாயுச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்நாடு 1962-இல் விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1964-இல், ஆர்சூ துறைமுகத்தில் உலகின் முதல் பெரிய ஏற்றுமதி நிலையம் இயங்கத் தொடங்கியது. 'மீதேன் பிரின்சஸ்', 'மீதேன் பிராகிரஸ்' என்ற இரு கப்பல்கள், ஒவ்வொன்றும் 27,400 கன மீட்டர் சுமந்து, ஆர்சூவுக்கும் கேன்வி தீவுக்கும் இடையே சென்று வந்தன. ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளுக்கு. ஆனால் மறு ஆண்டே, 1965-இல், இங்கிலாந்தின் வாசலிலேயே, வட கடலின் அடியில், இயற்கை வாயு கிடைத்தது. பிறகு கப்பல் வாயுவுக்கு அந்நாட்டில் முன்னிருந்த அவசரம் இல்லை. அருகில் குழாய் வரும்போது தொலைவிலிருந்து வரும் கலத்தின் மதிப்புக் குறையும் என்ற பாடத்தை இவ்வாணிகம் தன் குழந்தைப் பருவத்திலேயே கற்றது.

குழாய் வர முடியாத நாடு ஒன்று இவ்வாணிகத்தைக் காத்தது. அதுவே ஜப்பான். சொந்த எரிபொருள் மிகக் குறைவு, தொழிற்சாலைகளோ மிகுதி, டோக்கியோ, யோகோஹாமா நகரங்களின் காற்று புகையால் கெட்டிருந்தது. 1969 நவம்பரில் 'போலார் அலாஸ்கா' என்ற கப்பல், அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து முதல் சரக்கை யோகோஹாமாவை அடுத்த நெகிஷிக்குக் கொண்டுவந்தது. ஒரு மின்சார நிறுவனமும் ஒரு வாயு நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கின. அக்கப்பலின் கலமும் புதுமையானது. இன்வார் என்னும் உலோகக் கலவையை மிக மெல்லிய தகடாக உள்ளே விரித்திருந்தார்கள். 36 விழுக்காடு நிக்கல் கொண்ட அக்கலவை, குளிரிலும் வெப்பத்திலும் சுருங்குவதும் விரிவதும் அரிது. 1896-இல் கியோம் என்னும் அறிஞர், துல்லியமான அளவுகோல்களுக்காக ஆராய்ந்து கண்ட உலோகம் அது. அதற்காக அவருக்கு 1920-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கடிகாரத்துக்குப் பயன்பட்ட உலோகம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் கப்பலின் வயிற்றுக்கு உறையாயிற்று. ஒரு கண்டுபிடிப்பு எங்கே போய்ப் பயன்படும் என்று கண்டவருக்கே தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜப்பானியர் இவ்வாணிகத்துக்கு ஒரு முறைமையையும் வகுத்துக் கொடுத்தனர். குளிர்விக்கும் நிலையம், கப்பல்கள், இறக்கும் துறைமுகம் ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கட்டப் பெருந்தொகை வேண்டும். வாங்குவோர் உறுதி கூறாவிடில் கட்டுவோருக்குக் கடன் கிடைக்காது. எனவே, இருபது ஆண்டுகள் வரை வாங்குவோம். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பணம் கொடுப்போம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் இம்முறை மேலும் வலுப்பெற்றது. புருனே 1972-இலும், அபுதாபியும் இந்தோனேசியாவும் 1977-இலும், மலேசியா 1983-இலும், ஆஸ்திரேலியா 1989-இலும் ஜப்பானை நோக்கிக் கப்பல் விட்டன. அந்த ஒப்பந்தமும் ஒரு வகைக் கலமே என்பேன். வாயுவை உலோகம் காத்தது, முதலீட்டை ஒப்பந்தம் காத்தது.

கத்தார் நாட்டின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கடலடியில் வட வயல் எனப்படும் பெருஞ்சுரங்கம் 1971-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயைத் தேடியவர்களுக்கு வாயு கிடைத்தது. அது அப்போது ஏமாற்றமாகவே கருதப்பட்டது. உலகில் அறியப்பட்ட இயற்கை வாயுச் சுரங்கங்களில் அதுவே மிகப் பெரியது என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும் அதிலிருந்து முதல் கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட 1996-ஆம் ஆண்டு இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010-இறுதிக்குள் ஆண்டுக்கு 7 கோடியே 70 லட்சம் டன் குளிர்விக்கும் ஆற்றலை அச்சிறு நாடு பெற்றது. 5,000 கன மீட்டரில் தொடங்கிய கப்பலின் கொள்ளளவும் அந்நாட்டின் பெருங்கப்பல்களில் 2,66,000 கன மீட்டராக உயர்ந்தது. உலகம் முழுவதும் நடந்த இவ்வாணிகம் 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 கோடி டன். 2023-இல் ஏறத்தாழ 40 கோடி டன்.

அமெரிக்காவிலோ காற்றுத் திசை மாறிற்று. தம் நாட்டு வாயு தீர்ந்துவிடும் என்று அஞ்சி, 2008-இல் லூயிசியானாவின் சபைன் பாஸ் என்னுமிடத்தில் இறக்குமதித் துறை ஒன்றைத் திறந்தார்கள். அதே காலத்தில் களிப்பாறைகளைப் பிளந்து வாயு எடுக்கும் முறை பெருகி, நாட்டில் வாயு நிறைந்துவிட்டது. இறக்குமதிக்குக் கட்டிய துறை ஏற்றுமதிக்கு மாற்றப்பட்டு, 2016 பிப்ரவரியில் முதல் சரக்கைப் பிரேசிலுக்கு அனுப்பியது. 2023-இல் அமெரிக்கா இவ்வேற்றுமதியில் உலகின் முதல் இடத்தை அடைந்தது.

நிற்க. வாயுவைக் கடல் கடத்தக் கலம் தேடிய காலத்திலேயே, அதை வண்டியில் வைக்கவும் சிலர் கலம் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, இங்கிலாந்திலும் பிரான்சிலும் பஸ்களின் கூரைமேல் பெரிய துணிப் பைகளைக் கட்டி அவற்றில் நிலக்கரி வாயுவை நிரப்பி ஓட்டினார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய அவ்வாயு ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் வேண்டும். வண்டியைவிடப் பெரிய பை; சிறிது தூரம் சென்றதும் சுருங்கித் தொங்கும் பை. போர் முடிந்ததும் அவை மறைந்தன. அடுத்த போரில் மீண்டும் தோன்றின.

இத்தாலியர் வேறு வழி கண்டனர். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் மீதேன் கிடைத்தது. பெட்ரோலோ பிற நாட்டிலிருந்து வர வேண்டும். 1930-களிலேயே அவர்கள் மீதேனை எஃகு உருளைகளில் அழுத்தி அடைத்து வண்டிகளில் பொருத்தினார்கள். 1944-இல் அச்சமவெளியில் பெருஞ்சுரங்கம் கிடைத்ததும் அது மேலும் பரவியது. இன்று நாம் சி.என்.ஜி. என்று வழங்கும் எரிபொருளின் மூலம் இதுவே. இங்கே குளிர்விப்பதில்லை, காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அவ்வளவு அழுத்தியும், அதே அளவுள்ள டீசல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அதில் அடங்கும். ஆகையால் உருளை கனமாக இருக்கும். வண்டி அடிக்கடி நிரப்பு நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். இவ்வண்டிகளின் வரலாறு நிரப்பு நிலையத்தோடு கட்டுண்டது என்பதை இதனால் அறியலாம்.

அதற்கு நியூசிலாந்து சாட்சி. அந்நாடு 1979-இல் எண்ணெய் நெருக்கடியில் சிக்கி, வாரத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டக் கூடாது என்று கூட விதித்தது. அதே ஆண்டில் மௌயி என்னும் கடற்சுரங்கத்திலிருந்து வாயு வரத் தொடங்கியது. அரசாங்கம் மானியமும் குறைந்த வட்டிக் கடனும் கொடுக்கவே, 1980-களின் இடைப்பகுதிக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வாயுவுக்கு மாறின. பின்னர் ஆட்சி மாறியது, உதவிகள் குறைந்தன, 1986-இல் எண்ணெய் விலையும் வீழ்ந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, வண்டிகளும் மறைந்தன. வாயு தீர்ந்துவிடவில்லை, அதை நிரப்பித் தரும் ஏற்பாடுதான் கைவிடப்பட்டது. 1984-இல் இதே வழியில் இறங்கிய அர்ஜென்டினாவோ, உள்நாட்டு வாயுவும் விடாத முயற்சியும் சேர்ந்ததால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை வாயுவில் ஓட்டும் நாடாயிற்று.

நம் நாட்டில் மாற்றத்தைத் தொடங்கி வைத்தது சந்தை அன்று, நீதிமன்றம். வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தில்லியின் காற்றைக் காக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தது. நகரத்துப் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச்சுக்குள் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. குறித்த நாளில் பஸ்களும் போதவில்லை, நிலையங்களும் போதவில்லை. மக்கள் பஸ்ஸுக்காகவும், ஆட்டோ ஓட்டுநர்கள் வாயுவுக்காகவும் நெடுநேரம் காத்திருந்து தவித்தனர். நீதிமன்றம் தளரவில்லை. 2002-இறுதிக்குள் நகரத்தின் பழைய டீசல் பஸ்கள் சாலையிலிருந்து நீங்கின. காற்றைக் கெடுப்பவை வேறு பலவும் இருந்ததால் தில்லியின் துன்பம் அத்தோடு தீரவில்லை. ஆயினும் பஸ் சென்ற தெருவில் கரும்புகை நின்றது என்பது உண்மை.

தில்லியின் பஸ்கள் முதலில் எரித்தது மேற்குக் கடற்கரையிலிருந்து குழாய்வழி வந்த இந்திய வாயு. தேவை பெருகவே, 2004-இல் குஜராத்தின் தாஹேஜ் துறைமுகத்தில் கத்தாரிலிருந்து திரவ வாயு இறங்கியது. அது மீண்டும் வாயுவாகி அதே வடநாட்டுக் குழாய்களில் கலந்தது. கடல் கடக்கும் கலமும் வண்டியில் வைக்கும் கலமும் இவ்வாறு ஒரே வழியில் இணைந்தன. தமிழகத்திலும் 2019-இல் எண்ணூரில் அத்தகைய துறை ஒன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளும் அந்நிலையத்திலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கு வாயு சென்றது. நம் ஊர்ச் சாலையில் ஓடும் வாயு வண்டியின் பின்னே தொலைதூரக் கடல் ஒன்று இருக்கக்கூடும் என்பதை இனி நீங்கள் உணர்வீர்கள்.

இந்த இணைப்பில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பாகிஸ்தானின் அனுபவம் அதைக் காட்டும். 1952-இல் சூயி என்னுமிடத்தில் கிடைத்த வாயுவைக் கொண்டு அந்நாடு வளர்ந்தது. 2010-ஆம் ஆண்டளவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கே வாயுவில் ஓடின. ஆனால் சுரங்கம் வற்றத் தொடங்கிற்று. வீட்டு அடுப்பும், உர ஆலையும், மின் நிலையமும், மோட்டார் வண்டியும் ஒரே வாயுவுக்குப் போட்டியிட்டன. நிரப்பு நிலையங்களை வாரத்தில் சில நாட்கள் மூடினார்கள். 2015-இல் திரவ வாயு இறக்குமதி தொடங்கியது. 2022-இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டு, ஐரோப்பாவுக்கு ரஷ்யக் குழாய்களின் வரத்துக் குறைந்ததும், செல்வம் மிகுந்த ஐரோப்பிய நாடுகள் எவ்விலை கொடுத்தும் கப்பல்களைத் தம் பக்கம் அழைத்தன. ஜெர்மனி அவ்வாண்டு டிசம்பருக்குள் வில்ஹெல்ம்ஸ்ஹாபென் துறைமுகத்தில் மிதக்கும் நிலையம் ஒன்றையே நிறுத்திவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் சரக்கு வேண்டும் என்று விலை கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. வங்க தேசமும் விலை தாளாமல் உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்தியது. இரு நாடுகளிலும் மின்சாரம் அடிக்கடி நின்றது.

குழாய்க்குக் கண்ணில்லை, அது பதித்த இடத்துக்கே செல்லும். கப்பலுக்கோ திசை திருப்பும் சக்கரம் உண்டு. அது பணம் மிகுந்த துறையை நோக்கித் திரும்பும். திரவ வாயு உலகத்துக்குத் தந்த சுதந்திரம் இதுவே. எளிய நாடுகளுக்குத் தந்த அச்சமும் இதுவே. பழைய இருபதாண்டு ஒப்பந்தங்கள் கடுமையானவை என்று குறை கூறிய வாணிகர்கள் பலர். அவற்றின் பாதுகாப்பு என்ன என்பதை 2022-ஆம் ஆண்டு நினைவூட்டியது.

இனி, கசிவைப் பற்றி ஒரு சொல். நிலக்கரியை எரிப்பதைவிட இயற்கை வாயுவை எரிக்கும்போது, அதே வெப்பத்துக்கு வெளிப்படும் கரியமில வாயு கணிசமாகக் குறைவு. இதைக் கருதியே பல நாடுகள் வாயுவை வரவேற்றன. ஆனால் எரியாமல் தப்பும் மீதேன் வேறு தன்மை உடையது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. கிணற்றிலும், குழாயின் பூட்டிலும், கப்பலின் இயந்திரத்திலும் அது சிறிது சிறிதாகத் தப்புகிறது. குளிர்விப்பதற்கே சரக்கில் பத்தில் ஒரு பங்கு வரை செலவாகிறது. சீனத்தில் 2023-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கனரக லாரிகள் திரவ வாயுவில் ஓடுவனவாக விற்கப்பட்டன. அத்தகைய லாரி பல நாட்கள் ஓடாமல் நின்றால், கலத்துக்குள் திரவம் சூடேறி, அழுத்தம் கூடி, வாயுவை வெளியேற்ற நேரும். கண்ணுக்குத் தெரியாத இக்கசிவுகளை இப்போது செயற்கைக் கோள்கள் வானிலிருந்து கண்டு சொல்கின்றன. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள், 2030-க்குள் உலக மீதேன் வெளியீட்டை 30 விழுக்காடு குறைக்க முயல்வதாக உறுதி கூறின. கசிவு மிகுந்தால் நிலக்கரியைவிட வாயு நல்லது என்ற வாதமே வலுவிழந்துவிடும்.

கிளீவ்லாந்தில் கலம் உடைந்ததை அனைவரும் கண்டார்கள்; அதனால் அனைவரும் பாடம் கற்றார்கள். கசியும் கலத்தை யாரும் காண்பதில்லை. தீ எழுவதில்லை, ஓசை கேட்பதில்லை. அதனால்தான் அதிலிருந்து பாடம் கற்பது கடினமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், இத்தொழிலின் வருங்காலம் புதிய சுரங்கங்களைக் காண்பவர்களைவிட, கசிவை அளப்பவர்கள் கையில்தான் மிகுதியும் இருக்கிறது என்பேன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் பொறியியல் கற்பீர்கள். சிலர் பொருளாதாரம் கற்பீர்கள். சிலர் சட்டம் பயின்று நீதிமன்றத்தில் நிற்பீர்கள். ஒரு புதிய எரிபொருளைப் பற்றி, அது எவ்வளவு கிடைக்கிறது, என்ன விலை என்று கேட்பவர்கள் நாட்டில் பலர் இருப்பார்கள். நீங்கள் அவர்களோடு நின்றுவிடாமல், அது எதில் வருகிறது, அக்கலத்தின் உலோகம் என்ன, அது யார் வீட்டருகே நிற்கிறது, எவ்வளவு கசிகிறது, விலை ஏறும் நாளில் அது யாருடைய துறைக்குத் திரும்பும் என்றும் கேளுங்கள். கேட்கப்படாத அக்கேள்விகளுக்கு 1944-இல் ஒரு நகரத்து எளிய மக்கள் விடையளிக்க நேர்ந்தது. இனி அவ்வாறு நேராமல் காப்பது கற்றவர்களின் கடமை.